பழைய லோடு வண்டிக்கு மலிவு இன்சூரன்ஸ்: எதைக் குறைத்து மலிவாக்குகிறார்கள்?

ஆயுத பூஜையை ஒட்டி வண்டி எடுத்தவர்களுக்கு வருடாவருடம் ஆயுத பூஜையை ஒட்டித்தான் பாலிசியும் முடியும். நமக்கு வந்து குவிந்திருக்கும் கடிதங்களில் பெரும்பாலானவை அந்த அவசரத்தில் எழுதியவை. புது வண்டிக்காரர்கள் யாரும் எழுதவில்லை; அவர்களுக்கு ஷோரூமே எல்லாவற்றையும் முடித்துக் கொடுத்துவிடுகிறது. எழுதியிருப்பவர்கள் எல்லாம் ஏழு, எட்டு, பத்து வருடம் ஓடிய குட்டி யானை, தோஸ்த், பொலேரோ பிக்கப் வைத்திருப்பவர்கள். எங்கே மலிவாகக் கிடைக்கும் என்பதுதான் எல்லோருக்கும் கேள்வி.

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி லோடு அடிக்கும் வாசகர் ஒருவர் கொஞ்சம் நுணுக்கமாகவே கேட்டிருக்கிறார். “எட்டு வருட பிக்கப். ஒரு ஏஜென்ட் 18,455 ரூபாய் என்கிறார். இன்னொருவர் 20,593 என்கிறார். இரண்டுமே ஃபுல் இன்சூரன்ஸ்தானாம். கம்பெனிகூட ஒன்றேதான். அப்புறம் எப்படி இரண்டு விலை?”

இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் மற்ற கடிதங்களில் முக்கால்வாசிக்குப் பதில் கிடைத்த மாதிரி. ஆனால் முதலில், பேரம் பேசவே முடியாத பகுதியை ஒதுக்கி வைத்துவிடலாம்.

எங்கே கேட்டாலும் 16,049

தேர்டு பார்ட்டி பிரீமியத்தை இன்சூரன்ஸ் கம்பெனி தீர்மானிப்பதில்லை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யுடன் கலந்து அறிவிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த பட்டியலை வைத்தே இங்கே கணக்குப் போடுகிறேன். வாடகைக்கு ஓடும் நான்கு சக்கர சரக்கு வண்டி, மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருந்தால், வருடத்துக்கு 16,049 ரூபாய். அரசுக் கம்பெனியோ தனியாரோ, திருப்பூரோ திருநெல்வேலியோ, இதே தொகைதான். வண்டிக்கு ஒரு வயதானாலும் பன்னிரண்டு வயதானாலும் இதே தொகைதான். விபத்தே இல்லாமல் ஓட்டியதற்கும் இதில் சலுகை கிடையாது.

இந்த அடுக்கை யார் பிரித்தார்களோ, ஒன்றரை டன் வண்டியைப் பார்க்காமலே பிரித்திருப்பார்கள் போலிருக்கிறது. மொத்த எடை 1,550 கிலோ உள்ள குட்டி யானையும், ஏழரை டன்னுக்குக் கொஞ்சம் குறைவாக நிற்கும் லாரியும் ஒரே கட்டணம் கட்டுகின்றன. மூன்று சக்கர லோடு ஆட்டோவுக்கோ சுமார் 4,500 ரூபாய்தான். நான்காவது சக்கரம் ஒன்று முளைத்தால் கட்டணம் மூன்றரை மடங்கு. இழப்பீட்டு அனுபவத்தை வைத்தே கட்டணம் வகுக்கப்படுகிறது என்பது அதிகாரப்பூர்வ விளக்கம். ஒன்றரை டன் வண்டி தனியாக எவ்வளவு இழப்பீடு வாங்கித் தந்தது, ஏழு டன் வண்டி எவ்வளவு வாங்கித் தந்தது என்று அந்த அறிவிக்கை பிரித்துக் காட்டுவதில்லை. காட்டாதவரை அந்த விளக்கத்தை நான் பாதிதான் நம்புவேன்.

ஒரே ஆறுதல் ஜி.எஸ்.டி. சரக்கு வண்டியின் தேர்டு பார்ட்டி பிரீமியத்துக்கு 12 சதவீதமாக இருந்த வரி, 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகிவிட்டது. 16,049 ரூபாய்க்கு 1,123 ரூபாய் மிச்சம். வரியோடு சேர்த்து 16,851. ஒட்டன்சத்திரம் வாசகருக்கு வந்த இரண்டு விலைகளிலும் இந்த 16,851 அப்படியே உட்கார்ந்திருக்கிறது. “எங்களிடம் தேர்டு பார்ட்டியே ஒன்பதாயிரம்தான்” என்று யாராவது சொன்னால், வண்டியின் வகையை மாற்றி எழுதுகிறார் அல்லது பாலிசியே போலி. மூன்றாவது வாய்ப்பு கிடையாது. பணம் கட்டிய பிறகு எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். இன்சூரன்ஸ் முடியும் தேதி அங்கே மாறியிருக்க வேண்டும்.

வகையை மாற்றுவது பற்றி ஒரு வார்த்தை. சொந்தச் சரக்கை மட்டும் ஏற்றும் வண்டிக்கு அதே பட்டியலில் 8,510 ரூபாய் என்று தனிக் கட்டணம் இருக்கிறது. தன் தோட்டத்துத் தக்காளியை மட்டுமே ஏற்றுபவர் அதைக் கேட்டு வாங்குவதில் தப்பில்லை. ஆனால் திரும்பி வரும்போது பக்கத்துத் தோட்டக்காரரின் வெங்காயத்தை வாடகை பேசி ஏற்றினால், அன்றைக்கு அந்த வண்டி பாலிசியில் எழுதிய உபயோகத்தில் ஓடவில்லை. அன்றைக்கே விபத்தும் நடந்தால் கம்பெனி அதைத்தான் முதலில் கிளறும்.

பேரம் எல்லாம் ஐ.டி.வி.யில்

மீதமிருப்பது சொந்த வண்டிச் சேதத்துக்கான பிரீமியம். 18,455-இல் இது வரியோடு 1,604 ரூபாய். 20,593-இல் 3,742 ரூபாய். இரண்டு ஏஜென்ட்களுக்கும் இடையே உள்ள 2,138 ரூபாய் வித்தியாசம் முழுக்க இங்கேதான்.

2007 ஜனவரியில் இருந்து இந்தப் பகுதியின் விலையைக் கம்பெனிகள் இஷ்டப்படி வைத்துக்கொள்ளலாம். ஆனாலும் பழைய தாரிஃப் புத்தகத்தின் விகிதத்தை எடுத்து, அதன் மேல் தள்ளுபடி கொடுப்பதுதான் இன்னும் பல இடங்களில் நடைமுறை. ஏழு வயது தாண்டிய, பெருநகருக்கு வெளியே ஓடும் சரக்கு வண்டிக்கு அந்த விகிதம் வண்டி மதிப்பில் 1.812 சதவீதம். அதில் பாதி தள்ளுபடி என்று வைத்துக்கொள்வோம். முதல் ஏஜென்ட் வண்டியின் மதிப்பை, அதாவது ஐ.டி.வி.யை, ஒன்றரை லட்சம் என்று போட்டிருக்கிறார். இரண்டாமவர் மூன்றரை லட்சம் என்று போட்டிருக்கிறார். மற்ற எல்லாம் ஒன்றேதான்.

அப்படி இஷ்டத்துக்கு மதிப்புப் போட விடுவார்களா? வண்டிக்கு ஐந்து வயது ஆகும்வரை விட மாட்டார்கள். ஷோரூம் விலையில் ஆறு மாதத்துக்குள் 5 சதவீதம், ஒரு வருடத்துக்குள் 15, பிறகு 20, 30, 40 என்று ஏறி ஐந்தாம் வருடத்தில் 50 சதவீதம் கழிக்க வேண்டும் என்று அட்டவணை இருக்கிறது. ஐந்து வயது தாண்டியதும் அட்டவணை முடிந்துவிடுகிறது. அதற்கு மேல், கம்பெனியும் உரிமையாளரும் ஒத்துக்கொள்ளும் தொகைதான் மதிப்பு என்று விதி சொல்கிறது. பரஸ்பர சம்மதமாம்! தான் எப்போது சம்மதித்தோம் என்று எந்த உரிமையாளருக்கும் தெரியாது. ஏஜென்ட் ஃபோனில் சொன்ன மொத்தத் தொகைக்கு “சரி, போட்டுடுங்க” என்றதுதான் அந்தச் சம்மதம்.

ஏஜென்ட் ஏன் குறைத்துப் போடுகிறார்? பக்கத்து ஏஜென்ட்டைவிடத் தன் விலை குறைவாகத் தெரிய வேண்டும். தேர்டு பார்ட்டியில் கை வைக்க முடியாது. தள்ளுபடிக்கு எல்லை உண்டு. மிச்சம் இருப்பது உங்கள் வண்டியின் மதிப்பு ஒன்றுதான். இணையத்தில் நீங்களே விலை பார்த்தாலும் கதை இதுதான். திரையில் முதலில் வரும் மலிவு விலைக்குக் கீழே எவ்வளவு ஐ.டி.வி. என்று சின்ன எழுத்தில் இருக்கும்.

“ஐ.டி.வி. குறைந்தால் என்னங்க, சின்ன கிளெய்முக்கு எந்த வித்தியாசமும் வராது” என்பார்கள். அது உண்மைதான். கண்ணாடி உடைந்தாலும் கதவு நசுங்கினாலும், பாகங்களுக்குத் தேய்மானம் கழிப்பது வண்டியின் வயதை வைத்து; ஐ.டி.வி.யை வைத்து அல்ல. வண்டி திருடு போனால் ஐ.டி.வி.தான் கிடைக்கும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். “நம்ம ஊர்ல பழைய வண்டியை யார் திருடப்போறான்” என்று அதையும் தாண்டிவிடுகிறார்கள். சின்னச் சேதத்துக்கும் திருட்டுக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. யாரும் சொல்வதில்லை.

பாலிசியில் ஒரு வரி: பழுது பார்க்கும் செலவு, பாலிசி நிபந்தனைகளுக்கு உட்பட்டு, ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டி டோட்டல் லாஸ். அதாவது பட்டறையில் சரிசெய்து ஓட்டக்கூடிய வண்டியாகவே இருந்தாலும், காகிதத்தில் அது செத்துவிட்டது.

ஒட்டன்சத்திரம் வண்டியையே எடுத்துக்கொள்வோம். சந்தையில் மூன்றரை லட்சம் போகும் வண்டி என்று எழுதியிருக்கிறார். அது முன்னால் நின்ற லாரியில் மோதிவிட்டதாக வைத்து ஒரு மாதிரிக் கணக்கு. சர்வேயர் தாளில் இப்படி இருக்கும்: கேபின் ஷெல் 90,000, எட்டு வயது இரும்பு என்பதால் 40 சதவீதம் கழித்து 54,000. டாஷ்போர்டு முதலான பிளாஸ்டிக் 12,000. பாதி கழித்து 6,000. முன் கண்ணாடி 6,000. கண்ணாடிக்குத் தேய்மானம் இல்லை. டிங்கரிங், சேசிஸ் நிமிர்த்துவது எல்லாம் சேர்த்துக் கூலி 54,000. கூலிக்கும் கழிவு இல்லை. பட்டறை பில் 1,62,000. கம்பெனி கணக்கில் 1,20,000. (பம்பர், ஹெட்லைட், பெயின்ட் இந்தத் தாளிலேயே இல்லை, காரணம் பின்னால் வருகிறது. கட்டாயப் பிடித்தத்தையும் இங்கே விட்டுவிட்டேன்.)

ஐ.டி.வி. மூன்றரை லட்சம் என்றால் எல்லைக்கோடு 2,62,500. செலவு அதைத் தொடவில்லை. கம்பெனி 1,20,000 தரும், இவர் 42,000 போடுவார், வண்டி மறுபடி மார்க்கெட்டுக்குப் போகும்.

ஐ.டி.வி. ஒன்றரை லட்சம் என்றால் எல்லைக்கோடு 1,12,500. செலவு தாண்டிவிட்டது, டோட்டல் லாஸ். இப்போது வண்டியைக் கம்பெனியிடம் விட்டுவிட்டு ஒன்றரை லட்சம் வாங்கிக்கொள்ளலாம். மூன்றரை லட்ச வண்டி போய், ஒன்றரை லட்சம் கையில். அல்லது நசுங்கிய வண்டியைத் தானே வைத்துக்கொள்ளலாம். அப்போது அதை ஏலத்தில் கேட்கும் விலையைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். பழைய வண்டி வாங்குபவர் 90,000 கேட்டால், உரிமையாளருக்கு 60,000. பட்டறை பில் அதே 1,62,000. கைக்காசு 42,000 போக வேண்டிய இடத்தில் 1,02,000 போகும்.

இதில் என்னை உறுத்துவது இன்னொரு கணக்கு. ஐ.டி.வி.யை ஒன்றரை லட்சத்துக்குப் பதில் 1,60,000 என்று போட்டிருந்தால் எல்லைக்கோடு சரியாக 1,20,000. செலவு அதைத் தாண்டாது, வண்டி பிழைத்திருக்கும். அந்தப் பத்தாயிரம் கூடுதல் மதிப்புக்கு வருடப் பிரீமியம், வரியோடு, 107 ரூபாய். ஒருநாள் டீ, டிபன் செலவு.

எல்லா வண்டிக்கும் உச்ச மதிப்பே போடுங்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. கம்பெனி தன் கணினியில் ஒரு வரம்பு வைத்திருக்கும். அதைத் தாண்டி எழுத விடாது. உங்கள் மாடல், உங்கள் வருடத்து வண்டி இப்போது என்ன விலைக்குக் கை மாறுகிறது என்று இரண்டு புரோக்கர்களிடம் விசாரியுங்கள். அந்தத் தொகைக்கு அருகில் எவ்வளவு கிடைக்கிறதோ அதைக் கேளுங்கள். ஒருமுறை பாலிசியில் எழுதிவிட்டால், அந்த வருடம் முழுக்க டோட்டல் லாஸுக்கு அதுதான் சந்தை மதிப்பு. நடுவில் தேய்மானம் கழிக்க முடியாது. கூண்டு பாடியோ குளிர்சாதனப் பெட்டியோ தனியாகக் கட்டியிருந்தால், சேசிஸுக்கும் பாடிக்கும் தனித்தனி மதிப்பு எழுதச் சொல்லுங்கள். சொல்லாத பாடிக்குக் காசு வராது.

ஆக, ஒட்டன்சத்திரம் வாசகருக்கு என் பதில்: 20,593. அதோடு முதல் ஏஜென்ட்டிடம் போய், மூன்றரை லட்சத்துக்கு அவருடைய விலை என்ன என்று கேளுங்கள். ஒரே ஐ.டி.வி.யில் விலை கேட்டால்தான் ஒப்பீடு. தள்ளுபடியில் நிஜமான போட்டி இருக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

பம்பர் உடைந்தால் ஏன் தரவில்லை?

கிருஷ்ணகிரியில் இருந்து மாங்காய் ஏற்றும் வாசகரின் புகார் இது. ஃபுல் இன்சூரன்ஸ்தான், ஆனால் பம்பர், ஹெட்லைட், பெயின்ட் எதற்குமே பைசா வரவில்லை என்கிறார். கம்பெனி ஏமாற்றவில்லை, விதியே அப்படித்தான். கார் பாலிசிக்கும் சரக்கு வண்டி பாலிசிக்கும் இங்கேதான் பெரிய வேறுபாடு. விளக்குகள், டயர், டியூப், மட்கார்டு, பானெட்டின் பக்கவாட்டுப் பகுதிகள், பம்பர், பெயின்ட் ஆகியவற்றுக்கு, வண்டி டோட்டல் லாஸ் ஆனால் தவிர, சரக்கு வண்டி பாலிசி பொறுப்பேற்காது. மோதினால் முதலில் அடிபடும் பாகங்களைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கி எடுத்த பட்டியல்!

இதைத் திரும்பச் சேர்க்கும் பிரிவின் பெயர் ஐ.எம்.டி. 23. தாரிஃப் படி சொந்தச் சேதப் பிரீமியத்தில் 15 சதவீதம் கூடுதல். நம் உதாரணத்தில் வரியோடு 561 ரூபாய். அதன் பிறகும் பாகத் தேய்மானம் கழிப்பார்கள்தான், இருந்தாலும் மலிவு விலை சொல்பவரிடம் “23 இருக்கா?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். இல்லை என்றால், அவருடைய மலிவில் ஒரு பங்கு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும்.

இதே குடும்பத்தைச் சேர்ந்தது இன்னொரு வெட்டு. அடுத்தவர் சொத்துக்கு ஏற்படும் சேதத்துக்கு சாதாரணமாக ஏழரை லட்சம் வரை பாதுகாப்பு உண்டு. அதை 6,000 ரூபாயாகச் சுருக்கிக்கொண்டால் பிரீமியத்தில் 200 ரூபாய் குறையும். இன்னோவா ஒன்றின் பின்பக்கத்தில் இடித்துவிட்டு 6,000 ரூபாயோடு நிற்பதைக் கற்பனை செய்துபாருங்கள். அந்த 200 ரூபாயைக் கட்டிவிடுங்கள்.

ஆட்களை ஏற்றினால்?

கோயிலுக்கு, கல்யாணத்துக்கு, துக்க வீட்டுக்கு என்று பின்னால் ஆட்களை ஏற்றிப் போகும் வழக்கத்தைப் பற்றிப் பலர் கேட்டிருக்கிறார்கள். காசு வாங்காமல்தான் கூட்டிப்போகிறோம் என்கிறார்கள். காசு வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அவர்களுக்கு இந்தப் பாலிசியில் பாதுகாப்பில்லை. சரக்கு வண்டியில் இலவசமாக ஏற்றிச் செல்லும் பயணிகளுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பாகாது என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லிவிட்டது. 1994 திருத்தத்துக்குப் பிறகு, சரக்கின் சொந்தக்காரரோ அவர் அனுப்பிய ஆளோ சரக்கோடு போகலாம். ஓட்டுநர், கிளீனர் போலச் சம்பளத்துக்கு இருப்பவர்களுக்கும் சட்டத்தில் இடமுண்டு. உறவினர் இருபது பேருக்கு இல்லை. விபத்து நடந்தால் தீர்ப்பாயம் சொல்லும் இழப்பீடு வண்டி உரிமையாளரின் தலையில் விடியும். அந்தத் தொகைக்கு உச்சவரம்பும் கிடையாது. மலிவு பாலிசியைத் தேடி அலைவதைவிட இது பெரிய விஷயம் என்பது என் அபிப்பிராயம்.

மற்ற கேள்விகள்

தேர்டு பார்ட்டி மட்டும் போதுமா? வண்டியை இழந்தால் கடன் வாங்காமல் இன்னொன்று எடுக்க முடியும் என்றால் போதும்; ஃபைனான்ஸ் பாக்கி இருந்தால் அவர்களே விட மாட்டார்கள்.

பதினைந்து வருட வண்டிக்கு பேக்கேஜ் பாலிசி, அதாவது ஃபுல் இன்சூரன்ஸ்? பல கம்பெனிகள் தயங்கும். கிடைத்தாலும் பத்து வயதுக்கு மேல் இரும்புக்கே பாதி கழித்துவிடுவார்கள்.

என்.சி.பி., அதாவது கிளெய்ம் கேட்காத வருடங்களுக்கான சலுகை, சரக்கு வண்டிக்கு உண்டா? உண்டு, 20 சதவீதத்தில் தொடங்கி 50 வரை. ஆனால் சொந்தச் சேதப் பகுதிக்கு மட்டும்.

பாலிசி முடிந்து எத்தனை நாளில் என்.சி.பி. போகும்? 90 நாள் தாண்டினால்.

பழைய வண்டி வாங்கினேன், முந்தைய உரிமையாளரின் என்.சி.பி. எனக்கு வருமா? வராது, அது அவருடையது.

பெயர் மாற்றத்தை இன்சூரன்சில் எப்போது சொல்ல வேண்டும்? 14 நாளுக்குள்.

சாதாரண எல்.எம்.வி. லைசென்ஸில் பிக்கப் ஓட்டினால் கிளெய்ம் போகுமா? 7,500 கிலோவுக்குள் என்றால் போகாது. 2024 நவம்பர் 6-இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தெளிவுபடுத்திவிட்டது.

பெர்மிட் வேண்டுமா? மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருந்தால் வேண்டாம்.

உரிமையாளருக்கான 15 லட்சம் விபத்துக் காப்பீடு கட்டாயமா? கட்டாயம், வேறு பாலிசியில் அதே அளவு இருந்தால் மறுபடி எடுக்க வேண்டாம்.

இன்சூரன்ஸ் இல்லாமல் பிடித்தால்? முதல் தடவை 2,000, அடுத்து 4,000 ரூபாய். மூன்று மாதம் வரை சிறைக்கும் சட்டத்தில் இடமிருக்கிறது.

எஃப்.சி. (தகுதிச் சான்று) முடிந்த வண்டிக்கு பாலிசி தருவார்களா? பணம் வாங்கும்போது பெரும்பாலும் கேட்க மாட்டார்கள், கிளெய்முக்குப் போகும்போது முதலில் அதைத்தான் கேட்பார்கள். எட்டு வயது தாண்டிய வண்டிக்கு எஃப்.சி. வருடாவருடம் என்பதால் பாலிசி தேதியோடு அதையும் குறித்து வையுங்கள்.